வாவிக்கரையில் ஆங்கிலம் போதித்த அயல்நாட்டார்

பிறந்த நாட்டை நீங்கிப் பிறிதொரு நாட்டிற்குச் சென்று அங்குள்ள சிறார்க்கு மொழி கற்பித்து வாழ்தல், வெளிப்பார்வைக்கு இனிய தொழிலாகவே தோன்றும். புதிய இடம், புதிய உணவு, ஆசிரியர் என்ற மதிப்பு ஆகிய யாவும் கிட்டுமன்றோ எனப் பலர் எண்ணுவர். ஆயின் அங்ஙனம் சென்றவர் நாடோறும் கழித்த பொழுதினை உற்று நோக்குமிடத்து, அத்தொழிலின் கடுமை புலனாகும். வகுப்பிலே அவர் ஆசிரியர். வாயிலைக் கடந்ததும் சந்தைக்காரியிடமும் ஓடக்காரனிடமும் சொற் கேட்டுப் பழகும் மாணாக்கர். இவ்விரு நிலையையும் ஒருங்கே தாங்க வல்லவரே அயல்நாட்டிற் பயன்பட வாழ்ந்தவராவர்.

மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இத்தகையோர் 1814ஆம் ஆண்டு முதலாக வந்துள்ளனர். இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே கிறித்தவப் பாதிரிமாரைப் பற்றி எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவக்கூடும். எம்மனோர்க்குக் கல்விக்கூடங்கள் அமைத்துத் தந்த பெரியோர் தாமும் இவ்வயலாரிடம் பாடங் கேட்டவர்களே என்பது அதற்கு விடையாகும். பெற்றது இன்னது, கொள்ளாது விட்டது இன்னது என நிறுத்துப் பார்த்தல் விழாக் காலத்திற்கு ஏற்ற செயலேயாம்.

முதலில் வந்தவர்

1813ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்னும் முதிய போதகரின் தலைமையில் வெஸ்லியன் சபையார் சிலர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினர். அவர்களுள் ஒருவர் வில்லியம் ஓல்ட். அவருடைய இளம் மனைவியார் நடுக்கடலிலேயே இறந்தார். பின்னர் 1814ஆம் ஆண்டு மே மாதம் கோக் அவர்களும் கப்பலிலேயே உயிர் நீத்தார். தலைவரையும் இழந்து, அவ்வாண்டு யூன் மாத இறுதியில் காலித் துறையில் இறங்கிய இளைஞர்கள், எவரெவர் எவ்விடஞ் செல்வதெனத் தம்முட் பகுத்துக்கொண்டனர். ஓல்ட் அவர்களுக்கு மட்டக்களப்பு கிடைத்தது.

அக்காலத்து மட்டக்களப்பை நாம் மனக்கண்ணாற் காண வேண்டும். வாவி நடுவே புளியந்தீவு, அதிலே ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கோட்டை, சில உத்தியோகத்தர், சுற்றிலும் தென்னையும் வயலும் மீனவர் குடிகளும். கண்டி இராச்சியம் அப்போது இன்னும் வீழ்ந்திலது. புகைவண்டி இவ்வூரை அடைய நூறாண்டிற்கு மேற் கிடந்தது. அது வந்தது 1928ஆம் ஆண்டிலேதான். மனைவியை இழந்த இளைஞர் ஒருவர் இத்தகைய ஊருக்குத் தமிழ் அறியாதவராய்த் தனியே வந்து சேர்ந்தார். வந்தவர் தமிழ் பயின்றார். ஊர்தோறுஞ் சென்று பாடசாலைகளைத் தொடங்கினார். 1815ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் நாள் நோயினால் இறந்தார். அவர் இங்கு வாழ்ந்த காலம் ஓராண்டினும் குறைவு. இன்றுள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் இட்ட வித்தின் விளைவாகும்.

அவர் மதம் பரப்ப வந்தவர் என்பது மெய். பள்ளிக்கூடம் அதற்கு அமைந்த வாயில் என்பதும் மெய். எனினும், ஓராண்டு நிரம்புமுன் தம் உயிரையே கொடுத்தவரிடத்து அந்நோக்கமொன்றை மட்டும் கண்டு அமைதல் நடுவுநிலைமை ஆகாது.

காற்றும் நீரும் சோறும்

அயலாருடைய நாட்களை முதலில் ஆண்டது இவ்வூரின் வானிலையே. வைகாசி தொடங்கி வீசும் கச்சான் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வெப்பக் காற்றாகவே இக்கரையை அடைகின்றது. நண்பகலில் வகுப்பறைக் கூரை கொதிக்கும். பிள்ளைகள் கண் சோருவர். ஐப்பசி கார்த்திகையிலோ வாடையோடு மழை தொடங்கும். வாவி பெருகும், முகத்துவாரம் வெட்டப்படும், படுவான்கரை ஊர்கள் நீராற் சூழப்படும். குளிர்நாட்டார் தாம் பழகிய நான்கு பருவங்களை மறந்து, கச்சான், வாடை என்னும் இரண்டினைக் கொண்டே ஆண்டைக் கணிக்கப் பழகினர். மலேரியாக் காய்ச்சல் அவர்களை நெடுங்காலம் வாட்டியது. 1946ஆம் ஆண்டு தொட்டு டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டதன் பின்னரே அது தணிந்தது. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

ஞாயிறு எழுகின்ற கடலோரம் எழுவான்கரை. ஞாயிறு படுகின்ற வயற்புறம் படுவான்கரை. இரண்டிற்கும் இடையே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்திற்கு வாவி கிடக்கின்றது. பாலங்கள் அமையாத காலத்திலே கல்லடிக்கோ மண்முனைக்கோ செல்ல வேண்டிய ஆசிரியர் துறையிலே ஓடத்திற்குக் காத்திருந்தே செல்லல் வேண்டும். மண்முனைத் துறைக்குப் பாலம் கிடைத்தது 2014ஆம் ஆண்டிலேயே. ஓடத்திலே பாதிரியாரும் நெல்மூடை ஏற்றியவனும் தயிர்ச்சட்டி சுமந்தவளும் ஒரே பலகையில் அமர வேண்டியிருந்தது. அயலார் பலர் பேச்சுத்தமிழைக் கற்றது இத்தகைய துறைகளிலேயே எனில் மிகையாகாது. இலக்கணப் புத்தகம் அதன் பின்னரே உதவிற்று.

உணவின் வகையிற் குறை சொல்ல இடமில்லை. வாவி இறாலும் நண்டும் தந்தது. படுவான்கரை எருமைத்தயிரும் அரிசியும் தந்தது. உறைப்பு ஒன்றே தடையாயிருந்தது. நம் வீட்டுப் பெண்மணிகள் விருந்தினர்க்கென உறைப்பைக் குறைத்து ஆக்கினும், அவர்கள் குறைத்தது அயலார் நாவுக்கு நிறைந்தே நிற்கும்.

நாவும் செவியும்

மொழி போதித்தலின் உண்மையான தொல்லை ஒலியிலே தொடங்குகின்றது. தமிழிலே பகரம் ஒன்றே. சொல்லின் முதலில் அது வல்லோசையுடையது. 'பம்பரம்' என்பதிற்போல மெல்லெழுத்தை அடுத்தவழி மென்மையுறும். ஒலி வேறுபடினும் பொருள் வேறுபடாமையின் நம் பிள்ளைகளின் செவி அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத்திலோ அவ்விரண்டும் வெவ்வேறெழுத்து. ஒன்று பிறழப் பொருள் பிறழும். அவ்வாறே சொன்முதலில் மெய்யெழுத்து இரண்டு கூடி நில்லாமை தமிழின் மரபு. ஆதலினால் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று நம் பிள்ளை சொல்லும்போது, அது பிழை செய்யவில்லை. தன் தாய்மொழியின் விதிக்கு அடங்கி நடக்கின்றது. இதனை உணர்ந்த ஆசிரியர் திருத்துவார். உணராத ஆசிரியர் அடிப்பார்.

ஆசிரியரின் நாவும் இடர்ப்படாமல் இல்லை. லகர ளகர ழகரங்களை வேறுபடுத்தல் மேல்நாட்டார்க்கு அரிது. பள்ளிக்குப் போகின்றேன் என்பதற்குப் பல்லிக்குப் போகின்றேன் எனக் கூறின் பின் வாங்கிலிருந்து சிரிப்பெழும். புளியந்தீவிலேயே குடியிருந்துகொண்டு அதனைப் புலியந்தீவு என்பாராயின், புளியமரம் நின்ற தீவு வேங்கை உலாவும் தீவாகிவிடும். இவ்வாறு நாள்தோறும் சிரிப்புக்குள்ளாகும் ஆசிரியர் இருவகையில் ஒன்றைத் தேர்கின்றார். ஒருவர் தமிழ் பேசுதலையே விட்டுத் தம் மாட்சியைக் காத்துக்கொள்வார். மற்றொருவர் தாமும் உடன்சிரித்து மறுமுறை திருத்திச் சொல்லுவார். பிழைபட்டும் பேசலாம் என்ற துணிவைப் பிள்ளைகள் பெறுவது பின்னவரிடமிருந்தே.

இலக்கணத்திலும் இரு மொழியும் எதிரெதிர் நடை கொண்டவை. தமிழிலே வேற்றுமையுருபு பெயர்க்குப் பின் வரும். அப்பொருளைத் தரும் ஆங்கிலச் சொல் பெயர்க்கு முன் நிற்கும். தமிழ் வாக்கியம் வினையால் முடியும். ஆங்கிலம் வினையை இடையிலே வைக்கும். நீ, நீர், நீங்கள் என மூவகையாக நாம் மதிப்பை அளந்து வழங்க, ஆங்கிலம் எல்லார்க்கும் ஒரே சொல்லை நீட்டும். உறவுமுறைகளைச் சொல்லவே வேண்டா. பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய மூவரையும் ஆங்கிலம் ஒரே பெயராற் சுட்டும். தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கமுடைய மட்டக்களப்பிலே, தாயுடன்பிறந்த மாமனும் தந்தையுடன்பிறந்த சித்தப்பாவும் ஒருவராதல் எங்ஙனம்? வயிற்றுவார் என்ற நம் சொல்லை ஒரு சொல்லாற் பெயர்க்க அம்மொழியிலே வழியில்லை. 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதுமாறு பணித்த அயல்நாட்டாசிரியர், அக்கட்டுரைகளைத் திருத்தப் புகுந்து இந்நாட்டின் சமூக அமைப்பையே கற்க வேண்டியவரானார்.

பாடநூலோ இங்கிலாந்தின் பனிக்காலத்தை வருணித்தது. நம் பிள்ளைக்குப் பனி என்பது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. வெண்மையாய்க் குவிந்து வழியை மூடும் பனியை அது கண்டதுமில்லை, காணப்போவதுமில்லை. நல்லாசிரியர் இத்தகைய பாடங்களை விரைந்து கடந்து, வாவியையும் வயலையும் பற்றி ஆங்கிலத்திற் பேசச் செய்வர். ஊரைப் பற்றிப் பேச உதவாத மொழி உள்ளத்தில் நிலைபெறாது.

இவ்வயலார் பலர்க்கு ஆங்கிலமும் அயன்மொழியே என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது. திருகோணமலை மறைமாவட்டம் 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டு, பிரான்சிலிருந்து வந்த இயேசு சபையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டிற் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியும் அவர்கள் பொறுப்பில் வந்தது. பிரெஞ்சு மொழியிலே ஹகர ஒலி வழங்குவதில்லை. பல்லிடை நாவை வைத்தொலிக்கும் ஆங்கில ஒலியும் அதிலில்லை. அவ்வொலிகளை முயன்று கற்றவர்களே நம் பிள்ளைகட்கு ஆசிரியராயினர். தாய்ப்பாலோடு மொழியைப் பெற்றவன் இது சரி என்பான். ஏன் சரியென்று அவனால் எளிதிற் சொல்லவியலாது. கற்றுப் பெற்றவனோ தான் இடறிய இடமெல்லாம் அறிவான். அவ்விடத்திற் பிறரைக் கைபிடித்து நடத்துவான். இக்கருத்து இன்று ஆங்கிலம் போதிக்கும் நம்மவர்க்கும் ஊக்கந் தருவதாகும்.

சமயமும் நன்றியும்

அப்பிரான்சிய பாதிரிமாருள் பேர்டினன்ட் பொனெல் அடிகளார் தலைசிறந்தவர். காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம் என்னும் மாணவர், மெதடிஸ்த பாடசாலையிலும் பின் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பொனெல் அடிகளாரின் மாணாக்கராய் 1908ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் தேறினார். அப்பொழுது அவருக்கு வயது 16. அவரே பின்னாளில் விபுலாநந்த அடிகளாய் உலகறிய விளங்கியவர்.

அவர் வாழ்க்கையிலே ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. கிறித்தவர் பாடசாலையில் ஆங்கிலமும் கணிதமும் கற்றும் அவர் சமயம் மாறவில்லை. கற்பித்தாரை இகழவுமில்லை. 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும், 1919ஆம் ஆண்டில் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஆயினார். 1924ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மடத்திலே துறவு பூண்டார். 1929ஆம் ஆண்டிற் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழுக்கு இமயமலைச் சாரலிலிருந்து ஆசிரியராயிருந்தார். அயலார் தந்த ஆங்கிலத்தாலே வேதாந்தத்தை உலகிற்கு எடுத்துரைத்தவர் அவர். தாய்மொழியாலே 'யாழ் நூ'லை 1947ஆம் ஆண்டில் நமக்குத் தந்துவிட்டு, அவ்வாண்டே மறைந்தார்.

நம்மவர் தனிப் பாடசாலைகள் அமைத்தமை அயலார்பாற் கொண்ட பகையினாலன்று. ஆங்கிலக் கல்வி வேண்டுமாயின் தன் வீட்டு வழிபாட்டையும் திருநீற்றையும் வாயிலிலேயே கழற்றி வைக்க வேண்டுமோ என்ற அச்சம் ஏழைத் தந்தை ஒருவனுக்கும் நேரலாகாது என்பதே நோக்கமாகும். அவ்வச்சம் கற்பனையுமன்று. கல்வியையும் மதத்தையும் ஒரே கையால் நீட்டியவர் பலர். நீட்டிய கையைப் பற்றியும் தன்னை இழவாதிருத்தல் மயில்வாகனம் போன்ற திண்ணிய உள்ளத்தார்க்கே இயலும். எல்லாப் பிள்ளைகளிடத்தும் அதனை எதிர்பார்த்தல் தகாது. ஆகவே நன்றியும் வேண்டும். தனிக் கல்லூரியும் வேண்டும். இவை ஒன்றோடொன்று முரணுவனவல்ல.

தங்கிவிட்டவர்கள்

இரண்டாம் உலகப் போரின் பின் பிரான்சியர்க்குத் துணையாகவும் பின் அவரிடத்திற்கும் வந்தோர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையார். ஹரல்ட் வெபர், யூஜின் ஹேபியர், பென்ஜமின் மில்லர் ஆகியோர் பெயர்கள் மட்டக்களப்பார் நாவில் இன்றும் வழங்குவன. வெபர் அடிகளார் இளைஞரை விளையாட்டில் ஊக்கினார். நகரின் விளையாட்டரங்கு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஹேபியர் அடிகளார் கூடைப்பந்தாட்டத்தைப் பயிற்றியவர். மைதானத்திலே பந்தைக் கேட்டு ஓடுகின்ற பையன், வகுப்பிலே வாய் திறக்கக் கூசிய ஆங்கிலச் சொற்களைக் கூசாது சொல்லுவான் என்பது ஆசிரியர் யாவரும் அறிந்ததே.

அச்சபையைச் சேர்ந்த லாங் அடிகளார், பூரணை இரவுகளிலே வாவியில் எழுகின்ற இசையை 1950களில் நீருள் இறக்கும் ஒலிவாங்கியினாற் பதிவு செய்தார். அப்பதிவு இலங்கை வானொலியில் ஒலித்தது. அதே வாவியின் இசையை விபுலாநந்தர் நீரரமகளிரின் பாடலாகக் கேட்டார். அயலார் கருவியோடு வந்தார். நம்மவர் கவியுள்ளத்தோடு சென்றார். ஓடம் செல்லும் நீர் ஒன்றே.

அவர்கள் வந்த சில்லாண்டுகளில் நாட்டின் கல்விமுறை மாறிற்று. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. போதனாமொழி படிப்படியாகத் தாய்மொழியாயிற்று. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக ஒடுங்கியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை, கிறித்தவருடையனவும் இந்துக்களுடையனவும் ஆகிய இருவகையும், அரசாங்கத்தைச் சார்ந்தன. தாம் நடத்திய கல்லூரி தம் கையினின்று நீங்கியதும் திரும்பிச் செல்ல அவ்வயலார்க்குத் தடையில்லை. எனினும் இம்மூவரும் இங்கேயே தங்கினர்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியை ஊரோடு கண்டனர். போர்க்காலத்தையும் ஊரோடு கழித்தனர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் ஹேபியர் அடிகளார், தம்முடன் சென்ற தமிழ் இளைஞர் ஒருவரோடு, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியிற் காணாமற் போனார். இருவரும் மீளவில்லை. காணாமற் போனோருக்காக நாளும் முறையிட்டு, அவர் விபரங்களைக் குறித்துவைத்தவர் மில்லர் அடிகளார். 1948ஆம் ஆண்டில் வந்த அவர், எழுபதாண்டு இங்கு வாழ்ந்து, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மட்டக்களப்பிலேயே உயிர் நீத்தார். பிள்ளைக்கு எழுத்துக் கற்பித்த கை, அப்பிள்ளையின் பெயரைக் காணாமற் போனோர் ஏட்டிலும் எழுத நேர்ந்த கொடுமையை என்னென்பது!

மற்றொரு வாவிக்கரை

இவ்விடத்து யப்பான் நாட்டு நிகழ்ச்சியொன்றை ஒப்பிடுதல் பயனுடைத்து. லவ்காடியோ ஹேர்ண் என்னும் எழுத்தாளர் முன்பு பத்தாண்டளவு நியூ ஓர்லியன்ஸ் நகரிலே பத்திரிகைத் தொழில் புரிந்தவர். 1890ஆம் ஆண்டில் யப்பான் சென்று மத்சுயே என்னும் ஊரிலே ஆங்கில ஆசிரியரானார். அவ்வூரும் சிஞ்சி என்னும் உவர்நீர் வாவிக்கரையில் அமைந்ததே. அவர் யப்பானியப் பெண்ணை மணந்து, 1896ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடியுரிமையும் கொயிசுமி யாகுமோ என்ற பெயரும் பெற்றார். அந்நாட்டுப் பழங்கதைகளை ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார். அவர் யப்பானியரின் சமயத்தை மாற்றச் சென்றாரல்லர், கேட்கச் சென்றார். அதனாலன்றோ யப்பானியர் இன்றும் அவரைத் தம்மவராகப் போற்றுகின்றனர்.

நம் வாவிக்கரைக்கு வந்த ஆசிரியருள்ளும் கேட்கும் செவியுடையாரையே ஊர் நினைவிற் கொண்டது. மட்டக்களப்பார் பேச்சுத்தமிழ், பேச்சுவழக்குகள் யாவற்றுள்ளும் இலக்கியத் தமிழை மிக ஒத்தது எனக் கமில் சுவெலபில் என்னும் செக் நாட்டறிஞர் 1960களில் எடுத்துரைத்தார். 'மறுகா', 'கிறுகி', 'ஒள்ளுப்பம்' என நம் சொற்களைக் கேட்டு வெளியூரார் நகைத்தபோது நாணிய நம்மவர்க்கு, அயலார் ஒருவரின் செவியே அவற்றின் அருமையை உணர்த்த வேண்டியதாயிற்று.

எம்மவர் அயலவராகுங்கால்

இன்று நிலைமை மறுதலையாகியுள்ளது. 1970, 1980களில் இலங்கைத் தமிழ்ப் பட்டதாரிகள் பலர் நைஜீரியா, சாம்பியா, எத்தியோப்பியா முதலிய நாடுகளுக்கு ஆசிரியராய்ச் சென்றனர். மாலைதீவுக்கு இன்றுஞ் செல்கின்றனர். ஓல்ட் அவர்கள் புளியந்தீவில் எப்படி நின்றாரோ, அப்படியே நம் பழைய மாணவரும் அயலூர் வகுப்பறை வாயிலில் நிற்கின்றனர். அன்னார்க்கு இவ்வரலாறு தருகின்ற பாடங்கள் சிலவுள.

முதலாவது, கற்பிக்கச் செல்லுமுன் அவ்வூர் மொழியிற் சில நூறு சொற்களையேனும் கற்றல் வேண்டும். பிழைபடப் பேச நாணலாகாது. இரண்டாவது, பிள்ளையின் பிழைக்குள்ளே அதன் தாய்மொழியின் விதி மறைந்திருக்கும். அதனைக் கண்டறிந்தபின் திருத்துதல் வேண்டும். மூன்றாவது, அவர்தம் வழிபாட்டையும் உணவையும் மதித்தல் வேண்டும். நம் பிள்ளைகளின் திருநீற்றைக் குறித்து நாம் எதை வேண்டினோமோ, அதனையே பிறர் பிள்ளைக்கும் நாம் வழங்கக் கடமைப்பட்டுள்ளோம். நான்காவது, நல்ல காலத்தில் மட்டுமன்றி அல்லற் காலத்திலும் உடனிருத்தல். இதனை எல்லார்க்கும் விதியாக்கல் இயலாது. செய்தவரை மறவாதிருத்தல் நம்மால் இயலும்.

அயல்நாடுகளிற் கற்பித்த நம் பழைய மாணவர்கள் தம் அனுபவங்களை எழுதிக் கல்லூரி நூல்நிலையத்திற்கு அனுப்புவாராயின் அது பெருந்தொண்டாகும். எவ்வூரிற் கற்பித்தீர்கள், எச்சொல்லை முதலிற் கற்றீர்கள், எப்பிழைக்குப் பிள்ளைகள் சிரித்தனர் என்பவற்றை எழுதுங்கள். பாதிரிமார் தம் சபைக்குக் கடிதம் எழுதிவைத்தமையாலன்றோ அவர்தம் வரலாற்றை நாம் இன்று அறிகின்றோம். நம்மவர் வரலாறு நினைவோடு அழிந்துபோதல் தகாது. அடுத்த விழா மலரின் ஏடுகள் அக்கட்டுரைகளுக்காகக் காத்திருக்கின்றன.